தாத்தாவுக்கு ஏன் கரண்ட் வைக்கிறார்கள்?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் நாலு தெரு நடந்தால் ஒரு பிசியோதெரபி கிளினிக் கண்ணில் படும். உள்ளே யாராவது ஒரு தாத்தா கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பார். முழங்காலுக்குக் கீழே கறுப்பு ரப்பர் பட்டைகள், அவற்றிலிருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு ஓடும் ஒயர்கள். கேட்டால், "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள்.

பிளக்கில் விரல் வைத்தால் ஷாக் அடிக்கும் என்று நம்மை மிரட்டிவிட்டு, தாத்தா காலில் மட்டும் வைக்கலாமா? வைக்கலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நிற்காமல் பாயும். இந்தப் பெட்டி அனுப்புவதோ விட்டுவிட்டு வரும் குட்டித் துடிப்புகள். விநாடியை ஆயிரம் பங்கு போட்டால், ஒரு துடிப்பு அதில் ஒரு பங்குகூட நீடிக்காது.

நம் உடம்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இத்தாலியில் லூயிஜி கால்வானி என்பவர் செத்த தவளையின் காலைத் துள்ள வைத்து, அதைப் பற்றி 1791இல் எழுதினார். மூளை போடும் உத்தரவு நரம்பு வழியே மின்குறியாகப் போய்த் தசையைச் சுருக்குகிறது. அந்த உத்தரவில் கோளாறு வரும் நோய்களில் ஒன்று பார்க்கின்சன். நம் தாத்தாவுக்கு வந்திருப்பதும் அதுதான். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை விவரமாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இந்த நோயில் ஒவ்வொன்றாக அழிகின்றன. தாம்பரத்தில் மின்ரயில் தயார், தண்டவாளமும் சரி, ஆனால் சிக்னல் விழவில்லை என்றால் என்ன ஆகும்? அதே நிலைமைதான். தசை இருக்கிறது, உத்தரவு தாமதமாக, வலுவில்லாமல் வருகிறது. கை நடுங்கும். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகும். எட்டு சின்னதாகி, பாதம் தரையில் தேயும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தால் தசையும் மெலியும். மெலிந்தால் நடப்பது இன்னும் கஷ்டம்.

டோபமைனை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. அதனால் லெவோடோபா மாத்திரை தருகிறார்கள். மூளை அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும். 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் கண்டுகொண்டது 1960களில்! (உடனே பூனைக்காலியைத் தேடிப் போகாதீர்கள். காயின் சுணை பட்டால் சொறிந்து மாளாது.)

சரி, கரண்ட் என்ன செய்கிறது? முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் ஈரப் பட்டையை வைத்துக் கட்டி, பிசியோதெரபிஸ்ட் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்புவார். முதலில் சுருசுரு என்று இருக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் தாத்தா நினைக்காமலேயே பாதம் மேலே எழும்! சில விநாடி இழுப்பு, பிறகு ஓய்வு. "நீங்களும் சேர்ந்து தூக்குங்கய்யா" என்பார். தாத்தாவும் சேர்ந்து முயன்றால்தான் அது உடற்பயிற்சி.

ஆனால் கரண்டுக்குப் பக்குவம் போதாது. நாமாக நடக்கும்போது மூளை சிறிய தசை இழைகளை முதலில் எழுப்பும், தேவைப்பட்டால்தான் பெரியவற்றைக் கூப்பிடும், மாற்றி மாற்றி ஓய்வும் கொடுக்கும். கரண்டோ அகப்பட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் எழுப்புவதால் தசை சீக்கிரம் களைத்துவிடும். அழிந்த மூளைச் செல்களை அது மீட்காது. பார்க்கின்சனில் இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. என்னைக் கேட்டால், நடைப்பயிற்சிதான் ராஜா. கரண்ட் கூடப் போகும் ஆள்.

இதயத்தில் பேஸ்மேக்கரோ, மூளைக்குள் மின்கருவியோ பொருத்தியவர்களுக்கு இது ஆபத்தாகலாம். எங்கே, எவ்வளவு வைப்பது என்பது தனிப் படிப்பு, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பிசியோதெரபி கல்லூரியில் அண்ணன்களும் அக்காக்களும் அதைத்தான் கற்கிறார்கள். ஆகவே பெட்டியின் குமிழில் நீங்கள் கை வைக்கவே கூடாது.

உங்களுக்கு வேறு வேலை உண்டு. பார்க்கின்சன் உள்ளவருக்கு நடுவழியில் கால் பெயராமல் நின்றுவிடுவது உண்டு. தரையில் கோடு இருந்தால் பலர் அதைத் தாண்டிச் சட்டென்று நடந்துவிடுவார்கள். பிசியோதெரபிஸ்டிடம் இடைவெளி கேட்டுக்கொண்டு, வராந்தாவில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, "ஒண்ணு, ரெண்டு" என்று நீங்கள் எண்ண, தாத்தா நடக்கட்டும்.