காவல் நிலையம் படிக்காத கவிதை

புது தில்லி:
தலைநகரில் மண்டி ஹவுஸ் வட்டாரத்தை நாடகக்காரர்களின் பேட்டை என்பார்கள். தேசிய நாடகப் பள்ளியும் ஸ்ரீராம் சென்டரும் கமானி அரங்கமும் அடுத்தடுத்து அமைந்த அந்தப் பகுதியில், ஒரு நாடகம் மேடையில் பிறப்பதில்லை. பத்துப் பதினைந்து பேர் தரையில் வட்டமாக அமர்ந்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து உரக்கப் படிக்கும்போதுதான் பிறக்கிறது. மேடைக்குப் போகாமல் அந்த வாசிப்போடு நின்றுவிடும் நாடகங்களும் உண்டு. நடிக்கத் தெரியாதவர்களும் அதில் பங்கேற்கலாம். ஆசிரியர், வழக்கறிஞர், மாணவர், ஓய்வுபெற்ற ஊழியர் என யார் வேண்டுமானாலும் ஒரு பாத்திரத்தை ஏற்று வாசிக்கலாம். ஒப்பனையும் ஒளியமைப்பும் நுழைவுச்சீட்டும் தேவைப்படாத கலை அது.

இத்தகைய வாசிப்புகளில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் பிரதிகளில் ஒன்று தர்மவீர் பாரதியின் ‘அந்தா யுக்’. அலகாபாத்தில் பிறந்த இந்தி எழுத்தாளர் பாரதி எழுதி 1954-இல் நூலாக வெளிவந்த கவிதை நாடகம். 1962-இல் மும்பையில் சத்யதேவ் துபேயும், 1963-இல் தில்லியில் ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கிடையே இப்ராஹிம் அல்காஸியும் இதை மேடையேற்றிய பிறகு, நவீன இந்திய நாடகத்தின் செவ்வியல் படைப்பாகவே அது கருதப்படுகிறது.

மகாபாரதப் போரின் பதினெட்டாம் நாள் மாலையில் நாடகம் தொடங்குகிறது. வெறிச்சோடிய அஸ்தினாபுரத்து அரண்மனைத் தாழ்வாரத்தில் இரண்டு காவலர்கள் இங்குமங்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். காப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் காவல் காக்கிறார்கள். குருட்டு அரசனும் கண்ணைக் கட்டிக்கொண்ட அரசியும் சஞ்சயனின் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள். தருமன் சொன்ன அரை உண்மையால் தந்தையை இழந்த அசுவத்தாமன் மனிதத்தன்மையைத் துறந்து மிருகமாகிறான். கடைசியில் உத்தரையின் வயிற்றில் வளரும் சிசுவின் மீதே பிரம்மாஸ்திரத்தை ஏவுகிறான். தேசப் பிரிவினையின் ரத்தம் உலராத, ஹிரோஷிமாவின் புகை மறக்கப்படாத காலத்தில் எழுதப்பட்ட நாடகம் இது என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கூடி வாசிக்கும்போது வாசகர்களைச் சங்கடப்படுத்தும் பாத்திரம் காந்தாரியோ அசுவத்தாமனோ அல்ல, யுயுத்சுதான். கௌரவர்களில் ஒருவன், ஆனால் நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நின்று பாண்டவர்களுக்காகப் போரிட்டவன். போர் முடிந்து வீடு திரும்பும் அவனைத் தாய் காந்தாரி ஏற்கவில்லை. ஊர் மக்கள் அவனைக் கண்டு அஞ்சுகிறார்கள். வென்ற பாண்டவர்களின் அரண்மனையிலும் அவனுக்கு மிஞ்சுவது பீமனின் ஏளனம். இறுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். கட்சிக்காகவோ கொள்கைக்காகவோ உறவுகளை இழந்த எவரும் யுயுத்சுவின் வசனங்களைச் சாதாரணமாக வாசித்துக் கடந்துவிட முடியாது. தனியாகப் படிக்கும்போது அவன் துணைப் பாத்திரமாகத் தோன்றலாம். ஓர் அறையில் ஒரு மனிதக் குரல் அவனுக்காகப் பேசும்போது, வட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் தாம் எந்தப் பக்கம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இத்தகைய கூடல்களைச் சட்டம் எப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்பது தனிக் கதை. அது வங்காளத்தில் தொடங்குகிறது.

அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சித்திரித்த தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ 1860-இல் டாக்காவில் ஆசிரியர் பெயர் இல்லாமலே அச்சானது. மேடையேறுவதற்கு முன்பே அது வழக்கைச் சந்தித்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861-இல் அவதூறுக் குற்றத்துக்காக ஒரு மாதச் சிறைத் தண்டனையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். அபராதத் தொகையைக் கட்டியவர் வங்க எழுத்தாளர் காளி பிரசன்ன சிங்கா. பிறகு 1872-இல் கொல்கத்தாவில் நுழைவுச்சீட்டு விற்று நாடகம் நடத்திய நேஷனல் தியேட்டர் முதலில் தேர்ந்தெடுத்ததும் இதே நாடகத்தைத்தான்.

வேல்ஸ் இளவரசர் கொல்கத்தா வந்தபோது அவரைத் தன் வீட்டுப் பெண்களைக்கொண்டு வரவேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேலி செய்து 1876-இல் ஒரு நாடகம் நடந்தது. ஆங்கில அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 29-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக நிலைபெற்றது. அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் என்றோ, ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றோ அரசு கருதினால் எந்த நாடகத்தையும் தடை செய்யலாம். மதத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ரா போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விலக்கு இருந்த இடத்தில் புராணத்துக்குள் அரசியல் புகுந்துகொண்டதில் வியப்பில்லை. மராத்தியில் காடில்கர் 1907-இல் எழுதிய ‘கீசகவதம்’ நாடகத்தில் கீசகன் கர்சன் பிரபு, திரௌபதி பாரதம் என்று பார்வையாளர்கள் எளிதில் புரிந்துகொண்டார்கள். அரசும் புரிந்துகொண்டது, 1910-இல் தடை விதித்தது. நாடகத்தைச் சரியாகப் படித்த அரசு என்ற பெருமையையாவது அந்த அரசுக்குக் கொடுக்கலாம்.

சுதந்திர இந்தியாவில் நடந்தது அதைவிட விநோதமானது. 1953-இல் லக்னோவில் இந்திய மக்கள் நாடக மன்றம், பிரேம்சந்தின் ‘ஈத்கா’ சிறுகதையை நாடகமாக்கியது. ஈத் திருநாள் சந்தையில் மற்றச் சிறுவர்கள் மிட்டாயும் பொம்மையும் வாங்கும்போது, ஹமீத் என்ற ஏழைச் சிறுவன் மட்டும் தன் காசுக்கு ஓர் இடுக்கியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறதே என்பது அவன் கவலை. கதை இவ்வளவுதான். இந்த நாடகத்தை நடத்தியவர்கள் மீது 1876-ஆம் ஆண்டுச் சட்டம் பாய்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1956-இல், அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அந்தச் சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து அது முற்றிலுமாக நீக்கப்பட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2017-ஆம் ஆண்டின் நீக்கல் மற்றும் திருத்தச் சட்டத்தின் மூலமே அது ஒழிந்தது.

தமிழகத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. 1954-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டம், எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்பார்கள். பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி பெறும் வழக்கத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் மேடை நாடகப் பிரதிகளை முன்கூட்டியே சரிபார்க்கும் வாரியம் இருப்பதை எதிர்த்து நடிகர் அமோல் பாலேகர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது 2016-இல்.

பழைய சட்டம் போனாலும், அதன் வேலையைச் செய்யக் குற்றவியல் சட்டத்தின் வேறு பிரிவுகள் இருக்கின்றன. 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் நகரில் ஒரு பள்ளிக் குழந்தைகள், குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றி ஒரு சிறு நாடகம் நடத்தினார்கள். தேசத் துரோக வழக்குப் பதிவானது. தலைமை ஆசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைதானார்கள். ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம் காவலர்கள் பல முறை விசாரணை நடத்தினார்கள். வழக்கு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ரத்து செய்தது. இடையில் கழிந்தது மூன்றரை ஆண்டு.

அதற்குச் சற்று முன், 2019 டிசம்பர் 17-ஆம் தேதி, கான்பூர் ஐஐடி மாணவர்கள் தில்லி ஜாமியா மாணவர்களுக்கு ஆதரவாகக் கூடியபோது, பாகிஸ்தான் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் ‘ஹம் தேகேங்கே’ கவிதையை வாசித்தார்கள். ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சிக் காலத்தில், 1979-இல் எழுதப்பட்டது அது. 1986-இல் லாகூரில் இக்பால் பானு பாடியபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஒரு முஸ்லிம் சர்வாதிகாரியைக் குறிவைத்து, இஸ்லாமியப் படிமங்களையே ஆயுதமாக்கி எழுதப்பட்ட கவிதை. அது இந்துக்களுக்கு எதிரானது என்று கான்பூரில் புகார் வந்தது. விசாரணைக் குழுவும் அமைந்தது. கவிதை வாசிக்கப்பட்ட காலமும் இடமும் பொருத்தமற்றவை என்று 2020 மார்ச்சில் குழு முடிவு சொன்னது. கவிதையைப் பற்றிய விசாரணை, கடைசியில் நேரத்தையும் இடத்தையும் பற்றியதாகிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2025 மார்ச் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அளித்த தீர்ப்பைப் பார்க்க வேண்டும். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினரும் உருதுக் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி, குஜராத்தின் ஜாம்நகரில் ஒரு திருமண விழாவில் கலந்துகொண்டதைக் காட்டும் 46 விநாடிக் காட்சியை வெளியிட்டார். பின்னணியில் ஓர் உருதுக் கவிதை ஒலித்தது. மத உணர்வைப் புண்படுத்தியதாகவும் பகையைத் தூண்டியதாகவும் 2025 ஜனவரி 3-ஆம் தேதி வழக்குப் பதிவு செய்யப்பட்டது. விசாரணை தொடக்க நிலையிலேயே இருக்கிறது என்று சொல்லி, வழக்கை ரத்து செய்ய குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? கவிதையைப் படித்தது. உருது மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் தீர்ப்பிலேயே தந்து, அதில் எந்த மதத்தைப் பற்றியும் எந்தச் சமூகத்தைப் பற்றியும் குறிப்பு இல்லை என்றும், அநீதியை அன்பால் எதிர்கொள்வதைப் பற்றியே அது பேசுகிறது என்றும் கூறியது. நாடக வாசிப்பு வட்டம் செய்கிற வேலையும் இதுதான்: வரியை எடுப்பது, பொருள் கேட்பது, முழுப் பிரதியோடு சேர்த்துப் பார்ப்பது. பேச்சும் எழுத்தும் தொடர்பான புகார்களில், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களாக இருந்தால், வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் நீதிபதிகள் வழிகாட்டினார்கள். அதாவது, காவல் அதிகாரி முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

யாருடைய காதுகளைக்கொண்டு அளப்பது என்பதற்கும் தீர்ப்பில் விடை இருக்கிறது. எதைக் கேட்டாலும் பதறுகிற பலவீன மனத்தை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. உறுதியும் துணிவும் உள்ள, நிதானமான மனிதரே அளவுகோல். இது புதிதன்று. நாகபுரி உயர் நீதிமன்றத்தில் விவியன் போஸ் 1946-இல் வகுத்த நெறி. பீஷ்ம சாஹ்னியின் நாவலை ஒட்டி எடுக்கப்பட்ட ‘தமஸ்’ தொலைக்காட்சித் தொடரை நிறுத்தக் கோரிய வழக்கிலும் 1988-இல் உச்ச நீதிமன்றம் இதையே பின்பற்றியது. அந்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் முழுத் தொடரையும் அமர்ந்து பார்த்த பிறகே முடிவுக்கு வந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தீர்ப்புகள் ஒரு பக்கம் இருக்க, தில்லியில் நாடகம் படிப்பவர்கள் மறக்காத தேதி ஒன்று உண்டு. 1989 ஜனவரி 1. தில்லியை அடுத்த சாஹிபாபாத் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ தெரு நாடகத்தின் நடுவே தாக்கப்பட்ட சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4-ஆம் தேதி, அவருடைய மனைவி மொலயஸ்ரீ தம் குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பி, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார். அவருடைய ஜன நாட்டிய மஞ்ச் குழு 2012-இல் ஷாதிப்பூர் பகுதியில் அமைத்த ஸ்டூடியோ சஃப்தரில், நாடகமும் புத்தகக் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 2025 மே மாதம் நாகபுரியில், மறைந்த நடிகரும் சமூகச் செயற்பாட்டாளருமான வீரா சாத்திதாரின் நினைவுக் கூட்டத்தில் ஃபைஸின் அதே கவிதை பாடப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் மீது சீதாபர்டி காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. இம்முறை சேர்க்கப்பட்டது பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதற்கான பிரிவு அது. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களுக்கே பொருந்தும் முதற்கட்ட விசாரணை விதி அந்தப் பிரிவுக்குப் பொருந்தாது.