எல்லைப்புறப் பேச்சும் கிரியோல் மொழிகளும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அண்மையிலுள்ள தனுவச்சபுரத்தில் தமிழும் மலையாளமும் அன்றாடம் சந்திக்கின்றன. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அரசியல் எல்லை ஒரே நாளில் வகுக்கப்பட்டது. பேச்சின் எல்லையை அவ்வாறு வகுத்தல் இயலாது.

இத்தகைய ஊரின் கலப்புப் பேச்சைக் கேட்கும் மாணவர் அதனைக் கிரியோல் எனக் கருதிவிடலாம். அது பிழையாகும். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத மக்கள் கூடி வாழ நேரும்போது எளிய இடைமொழி ஒன்று தோன்றுகிறது. அது பின்னர்க் குழந்தைகளின் தாய்மொழியாகி முழுமை பெறுமாயின், அதனைக் கிரியோல் என்பது பொதுவழக்கு. எல்லைப்புறத்தாரோ பெரும்பாலும் இருமொழியும் அறிந்தவர்கள். வேண்டும்போது அவற்றைப் பிரித்தும் பேச வல்லவர்கள்.

இங்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கொச்சியின் போர்த்துக்கேசியக் கிரியோலில் வினைச்சொல் எழுவாய்க்கேற்ப ஈறு மாறுவதில்லை. தமிழில் ‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ என்பதும் மலையாளத்தில் ‘அவன் வந்நு, அவள் வந்நு’ என அமைகிறது. ஆயினும் மலையாளம் கிரியோல் அன்று. ஓர் ஒற்றுமையை மட்டும் கொண்டு மொழியின் பிறப்பைத் தீர்மானித்தல் ஆகாது. பேசுவோரின் வரலாற்றையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரும் அக்கிரியோல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இல்லங்களில் வாழ்ந்தது. 1880-களில் கிராத்சு நகரப் பேராசிரியர் ஊகோ சூக்கார்ட்டு கடிதங்களின் வாயிலாகவே அதனை ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் ஊகோ கார்டோசோ என்னும் அறிஞர் நேரில் வந்து பேச்சைப் பதிவு செய்தார். 2010 ஆகஸ்ட் 20-இல் வைப்பினில் வில்லியம் ரொசாரியோ காலமானார். கொச்சியில் அதனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவரே. இனி அங்கு அதனைச் சரளமாகப் பேசுவோரிடம் கேட்டறிய இயலாது. மராட்டியக் கடற்கரையிலுள்ள கொர்லாயில் இத்தகைய கிரியோல் ஒன்று சிற்றூர் மக்களின் நாவில் நிலைத்துள்ளது. அதன் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேசியம். வினையோ மராத்தியைப் போல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும்.

சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகிய போர்த்துக்கேசியச் சொற்களைத் தமிழரும் நாள்தோறும் வழங்குகின்றனர். இவற்றிலிருந்தே வகுப்பில் பாடத்தைத் தொடங்கலாம். பின்னர் மாணவர் சந்தை, வயல், வழிபாட்டிடம் ஆகியவற்றில் எவர் எவரிடம் எம்மொழியில் பேசுகின்றனர் எனக் குறித்து வருதல் வேண்டும். பேசுவோரின் இசைவைப் பெற்று, வயது, தொழில், நாள் ஆகியவற்றுடன், கேட்டதைத் திருத்தாமல் எழுதுதல் வேண்டும். முதியோர் பேச்சை முதலிற் பதிவு செய்க. கொச்சி கற்பிக்கும் பாடம் அதுவே.