இடுப்பளவுத் தண்ணீருக்கு ஒரு ஆப்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு "மீனவர்களுக்கான மொபைல் ஆப்" என்று தலைப்பு கொடுத்திருக்கும் நண்பரா நீங்க? எந்த ஹேக்கத்தானுக்குப் போனாலும் இப்படி ஒரு டீமாவது இருக்கும். ஸ்லைடில் ஒரு படகு, மேலே ஒரு சேட்டிலைட், நடுவில் ஒரு போன். ஐடியா தப்பில்லை. ஆனால் இது நம்ம ஊரில் ஏற்கெனவே நடந்த வேலை, அதுவும் நல்லாவே நடந்த வேலை. அது எதுவரை வந்து நின்றது என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் உங்க ஆறு மாசம் வீணாகாது.

கதை போனில் தொடங்கவில்லை, ஒலிபெருக்கியில் தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் மைக்கில் வாசித்தார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 2004 சுனாமி அன்று இதே ஏற்பாடு நல்லவாடு கிராமத்தில் உயிர்களைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் போனில் எச்சரித்தார். ஊரில் இருந்தவர்கள் அதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஜனங்கள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். ஒரு போன் கால், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான் டெக்னாலஜி.

அதற்கு முன்பே கேரளாவில் செல்போன் மட்டுமே ஒரு வேலையைச் செய்திருந்தது. 1997-க்கும் 2001-க்கும் நடுவில் வட கேரளக் கடலோரத்தில் டவர்கள் வந்தன. கடலிலிருந்தே மத்தி மீனவர்கள் கரைக்குப் போன் போட்டு, எந்தத் துறையில் விலை நல்லா இருக்கு என்று கேட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்கெடுத்து 2007-ல் எழுதினார். போன் வருவதற்கு முன் வாங்க ஆளில்லாமல் வீணான 5 முதல் 8 சதவீத மீன் பிறகு வீணாகவே இல்லை. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இதற்காக யாரும் ஆப் எழுதவில்லை என்பதைக் கவனிங்க.

பிறகுதான் ஆப் வந்தது. அதே சுவாமிநாதன் நிறுவனம் குவால்காம் போன்றவர்களோடு சேர்ந்து 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற செயலியை உருவாக்கியது. அலை, காற்று, சந்தை விலை, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது மீன் கிடைக்கக்கூடிய இடத்தைச் சொல்லும் பகுதி. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் சேட்டிலைட் படத்தில் இரண்டு விஷயம் பார்க்கிறது: கடல் மேற்பரப்பின் வெப்பநிலை, பச்சையத்தின் அளவு. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் சத்து இருக்கும், சத்து இருந்தால் நுண்பாசி வளரும், அதைத் தின்னச் சின்ன மீன் வரும், பின்னாலேயே பெரிய மீன் வரும். அந்த இடம் உங்க கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று செய்தி வரும். மேகம் மூடினால் படம் இல்லை, அன்றைக்குத் தகவலும் இல்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் போய்விடும். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019-ல் வந்த ஜெமினி கருவி சேட்டிலைட்டிலிருந்து நேரடியாகத் தகவலை வாங்கி ப்ளூடூத் வழியே போனுக்குக் கொடுக்கிறது. அதில் பதில் பேச முடியாது. இஸ்ரோ 2024-ல் அறிமுகப்படுத்திய புதிய அபாய அறிவிப்புக் கருவியில், நீங்க உதவி கேட்டது கரைக்குக் கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கே வரும்.

இவ்வளவும் கடலுக்கு. இப்ப சென்னை சென்ட்ரலிலிருந்து கூடூர் வழித்தடத்தில் ரயில் ஏறுங்க. கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி ஆரம்பாக்கம். அதற்கு அடுத்தது ஆந்திராவின் தடா. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. பச்சையம் அளக்கும் ஓசன்சாட்-2 2009 செப்டம்பரில் அங்கிருந்துதான் போனது. ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து கிளம்பிய சேட்டிலைட், ஏரிக்கு இந்தக் கரையில் வலை போடுகிறவருக்கு ஒன்றும் சொல்வதில்லை! காரணம் அலட்சியம் இல்லை, இயற்பியல். ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். அடிச்சேறும் கலங்கலும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஆழ்கடலுக்கு எழுதிய பச்சையக் கணக்கு இங்கே குழம்பிவிடும். வெப்பநிலைப் படத்தில் ஒரு புள்ளியே சுமார் ஒரு கிலோமீட்டர் அகலம்.

ஏரியில் கேள்விகளே வேற. முகத்துவாரம் திறந்திருக்கா, மணல் அடைச்சிடுச்சா? இறால் குஞ்சு கடலிலிருந்து அந்த வழியாகத்தான் உள்ளே வந்து வளர்கிறது. அது அடைந்தால் உப்பின் அளவு மாறும், இறால் குறையும். அடுத்தது, இன்றைக்கு யாருடைய முறை? இங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. ரிசோர்ஸ் ஷெட்யூலிங் என்று நாம் செமஸ்டரில் படிப்பதுதான், சர்வர் இல்லாமல். இதில் தெரியாமல் கை வைக்கும் ஆப் சண்டையைத்தான் கிளப்பும்.

இருளர்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். இரண்டு கையும் வாயும் வேலையில் இருக்கும்போது உங்க நோட்டிஃபிகேஷனை யார் பார்ப்பது?

அதனால் என் யோசனை: போனை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து ஆரம்பிங்க. முகத்துவாரத்துப் பக்கம் நீர்மட்டமும் உப்பும் அளக்கும் ஒரு சென்சார், குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ, கரையில் குரலாகச் சொல்ல ஒரு ஒலிபெருக்கி. கஷ்டம் கோடிங்கில் இல்லை. உவர்நீரில் சில வாரத்திலேயே சென்சார் மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளும், அளவு தப்பாக வரும். யார் படகில் போய் அதைச் சுரண்டுவது, அவருக்கு என்ன கூலி என்பதையும் டிசைனில் எழுதுங்க. ஏரி நடுவில் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்குதா, ஆந்திரா டவரைப் பிடிக்குதா என்றும் பாருங்க. எச்சரிக்கை எந்த மொழியில் வரும் என்பது அதில் இருக்கலாம்.

போவதற்கு முன்னாடி ராக்கெட் ஏவும் தேதியா என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க. அப்போது கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். கரையில் ஆள் இருப்பார்கள். "அண்ணா, இப்ப முகத்துவாரம் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.