வடிகட்டியில் சிக்காத உண்மை

கடந்த ஆண்டு என் மனைவி வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பின், நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். மாத்திரை வாங்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ஊட்டச்சத்துப் பொருள்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் 'கால்சியம்' என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பக்கவாட்டில் இருந்த வடிகட்டியில் '1,000 மி.கி.' என்பதைத் தேர்ந்தெடுத்து, விலை குறைந்தது முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, முதலாவதாக நின்றதை வாங்கினேன். முப்பதாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் தவறாகவா வாங்கிவிடப் போகிறேன் என்ற இறுமாப்பு வேறு.

மூன்று மாதங்களுக்குப் பிறகு குப்பியைத் திருப்பிப் பார்த்த மருத்துவர், "சார், இது ஆயிரம் மில்லிகிராம் கால்சியம் சிட்ரேட். இதிலே கால்சியம் இருநூறு சொச்சம்தான்" என்றார். தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அவர் அதுவரை உட்கொண்டிருக்கிறார்.

கால்சியம் தனியாக மாத்திரையாவதில்லை. ஏதேனும் ஓர் உப்பாகவே வருகிறது. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். சிட்ரேட்டில் ஏறத்தாழ 21 சதவீதம். ஆகவே 1,250 மி.கி. கார்பனேட் 500 மி.கி. கால்சியத்தைத் தரும்; 1,000 மி.கி. சிட்ரேட் 210 மி.கி.யைத்தான் தரும். இரும்புச்சத்துக்கும் மக்னீசியத்துக்கும் இதே கதைதான். நான் பயன்படுத்திய வடிகட்டியோ உப்பின் எடையைச் சத்தின் எடையாகக் காட்டியது. சரியான விவரம் மறைக்கப்படவில்லை. குப்பியின் பின்புறச் சிற்றெழுத்தில் இருந்தது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் அது ஒரு புகைப்படமாக மட்டுமே இருந்தது. படத்திலுள்ள எழுத்தைத் தனித் தரவாகப் பதிவு செய்யாதவரை எந்தத் தேடுபொறியும் அதைக் கண்டுகொள்ளாது.

தகவலைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்று ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-இல் எழுதினார். தேடும் செலவு மிகுந்தால் நுகர்வோர் பாதியிலேயே தேடலை நிறுத்திவிடுவார். அதனால் ஒரே பொருள் பல விலைகளில் விற்க முடியும். இணையம் இந்தச் செலவை ஒழித்துவிடும் என்று நாங்கள் வகுப்பறையில் நம்பிக்கையோடு பேசியதுண்டு. எதை வைத்து ஒப்பிடலாம் என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கும்போது அந்தச் செலவு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது.

விலையை எடுத்துக்கொள்வோம். 60 மாத்திரைகள் கொண்ட குப்பி ஒன்று 300 ரூபாய், மற்றொன்று 420 ரூபாய். விலைவாரியாக வரிசைப்படுத்தினால் முதலாவதே மேலே நிற்கும். ஆனால் அதில் நாளுக்கு இரண்டு மாத்திரைகள் வேண்டும். மற்றதில் ஒன்று போதும். அப்படியானால் ஒரு நாளைய செலவு முறையே 10 ரூபாய், 7 ரூபாய். குப்பி விலைக்குப் பதிலாக ஒரு நாள் அளவுக்கான விலையைக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். இதற்குத் தேவை மூன்று எண்கள்: விலை, மாத்திரைகளின் எண்ணிக்கை, அன்றாட அளவு. மூன்றும் கடையிடம் இருக்கின்றன.

வைட்டமின் டி விஷயத்தில் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். நாள்தோறும் உட்கொள்ளும் 1,000 அலகு மாத்திரையும், மருத்துவர் வாரம் ஒருமுறைக்கென எழுதித் தரும் 60,000 அலகு மருந்தும் ஒரே தேடலில் அடுத்தடுத்து வருவதைக் கண்டேன். ஒரு கடை மைக்ரோகிராமிலும் இன்னொரு கடை அலகிலும் அளவைக் குறிக்கிறது. 1,000 அலகு என்பது 25 மைக்ரோகிராம் என்பதை எத்தனை பேர் அறிவர்? அலகை ஒன்றாக்குவதும், வாராந்திர மருந்தைத் தனிப் பிரிவாகப் பிரிப்பதும் வடிகட்டியின் முதல் கடமை.

என்னை அதிகம் உறுத்துவது 'மூட்டுவலி', 'நீரிழிவு', 'முடி உதிர்தல்' என நோய்வாரியாக அமைந்த வடிகட்டிகள். நம் நாட்டு விதிகளின்படி இத்தகைய துணை உணவுகள் நோயைக் குணப்படுத்தும் என உரிமை கோரக்கூடாது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற வாசகம் உறையில் இருந்தாக வேண்டும். உறை சொல்லத் துணியாததை வடிகட்டி சொல்லிவிடுகிறது. இந்தப் பிரிவுகளை அகற்றிவிட்டு, சத்தின் பெயர், உப்பின் வகை, சைவக் குறியீடு, காலாவதி மாதம் ஆகியவற்றைத் தரலாம். சைவக் குறியீட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன்: பல மாத்திரைகளின் மேலுறை விலங்கு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின். அதைத் தெரியாமல் விழுங்கும் சைவர்கள் குறைவல்லர்.

தேடல் பெட்டியில் 'இரும்புச்சத்து' எனத் தமிழில் தட்டினேன். 'பொருள் இல்லை' என்றது. தமிழ்ப் பெயர்களையும் வழக்கமான எழுத்துப்பிழைகளையும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் தயாரிப்பது பெரிய வேலையன்று.

இவ்வளவும் சொன்னால், 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். பார்த்துக்கொள்ளவில்லை என்பதே என் அனுபவம். பணம் வாங்கிக்கொண்டு முன்னிறுத்தும் பொருள் வரிசையில் முதலாவதாக நிற்பதில் கடைக்கு ஆதாயம் இருக்கிறது. தரவரிசைக்கான முக்கிய அளவுகோல்களை எளிய மொழியில் விளக்க வேண்டுமென 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சந்தைத் தளங்களைப் பணிக்கின்றன. மறைமுக விளம்பரத்தை 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்தியாகவே வகைப்படுத்துகின்றன. இறக்குமதிப் பொருள்களை அவை தயாரான நாட்டைக் கொண்டு வடிகட்டும் வசதி கட்டாயமாக வேண்டும் என்று 2025-இல் மத்திய அரசு வரைவு விதியும் வெளியிட்டது. நாட்டின் பெயருக்கு வடிகட்டி கேட்க அரசால் முடியுமெனில், மாத்திரையில் உண்மையில் உள்ள சத்தின் அளவுக்கும் ஒரு நாள் செலவுக்கும் கேட்க என்ன தடை? அதே விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.