தூக்கி வளர்க்கும் பிள்ளை

அழும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டால் குழந்தை கைச்சூட்டுக்குப் பழகிவிடும், பிறகு கீழே கிடத்தவே விடாது என்னும் எச்சரிக்கை, தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்ற பெண்களின் காதில் திரும்பத் திரும்ப விழுகிறது. எச்சரிக்கும் பாட்டியே அடுத்த நாழிகையில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடப்பதும் உண்டு. சொல்லும் செயலும் இவ்வாறு முரண்படும் இடத்தில், முதல் பிள்ளையைப் பெற்ற இளம் தாய் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறாள். விலங்கியலும் மகப்பேற்று மருத்துவமும் குழந்தை உளவியலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியைத் தனித்தனி வழிகளில் அணுகி, ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன: பிறந்த முதல் மாதங்களில் ஒருவர் உடலோடு ஒட்டி இருப்பது குழந்தைக்குப் பாலையும் உறக்கத்தையும் போன்ற ஒரு தேவை, அதைக் கெட்ட பழக்கம் என்று கருதி மறுப்பதற்கு அடிப்படை இல்லை.

பாலூட்டி விலங்குகள் தம் குட்டிகளை வளர்க்கும் விதத்துக்கும் அவற்றின் பாலின் தன்மைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முயல் தன் குட்டிகளை வளையில் மறைத்துவிட்டு நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே வந்து பாலூட்டிச் செல்வதால், அதன் பால் கொழுப்பும் புரதமும் செறிந்து மிகக் கெட்டியாக இருக்கிறது. கன்றும் குதிரைக்குட்டியும் பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து தாயின் பின்னால் நடக்கின்றன. குரங்கினங்களின் குட்டிகளோ தாயின் உடலைப் பற்றிக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் பால் குடிக்கின்றன. அவற்றின் பால் நீர்த்தது, விரைவில் செரிப்பது. மனிதத் தாய்ப்பால் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதில் புரதம் ஏறத்தாழ 1 விழுக்காடும் கொழுப்பு ஏறத்தாழ 4 விழுக்காடும் மட்டுமே இருப்பதால், பிறந்த குழந்தை இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் பாலுக்கு அழுவதைப் பால் பற்றாக்குறையின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பாலே அடிக்கடி குடிப்பதற்கென அமைந்தது. போட்ஸ்வானாவின் கலஹாரிப் பகுதியில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த குங் மக்களிடையே, பகல் முழுவதும் தாயின் இடுப்பில் தொங்கும் தோல் ஏந்தலில் இருந்த குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை வரை சிறிது சிறிதாகப் பால் குடித்ததை மெல்வின் கோனரும் கரோல் வொர்த்மனும் 1980இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது.

ஜெர்மானிய உயிரியலாளர் பெர்ன்ஹார்ட் ஹாசன்ஷ்டைன் 1970இல் மனிதக் குழந்தையைச் சுமக்கப்படும் குட்டி என்று வகைப்படுத்தியபோது, கூட்டில் விட்டுச் செல்லத்தக்க குட்டியாகவோ தானே தாயைப் பின்தொடரும் குட்டியாகவோ அதைக் கருத முடியாது என்பதைச் சுட்டினார். உள்ளங்கையில் விரலை வைத்தவுடன் குழந்தை அதை இறுகப் பற்றிக்கொள்வதும், தலை சற்றே சரிந்தாலும் திடுக்கிட்டு இரு கைகளையும் விரித்துப் பின் அணைப்பதுபோல் கூட்டுவதும், தூக்கியவுடன் முழங்கால்களை மடக்கித் தொடைகளை அகட்டிக்கொள்வதும், பற்றித் தொங்கிய முன்னோரின் உடலிலிருந்து வந்த எச்சங்கள். தமிழ்ப் பெண்கள் இடுப்பில் குழந்தையை உட்கார வைக்கும்போது அந்த அகன்ற கால்கள் இடுப்பெலும்பின் மேல் இயல்பாகப் பொருந்துவது இதனால்தான்.

இப்படி அமைந்த ஓர் உயிரைத் தூக்காதீர்கள் என்ற அறிவுரை எழுத்தில் பெருகியது மேற்கு நாடுகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் வெளியிட்ட வினா விடை நூலும், நியூசிலாந்தில் 1907இல் தாய் சேய் நலனுக்கான பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங்கின் அறிவுரைகளும், கடிகாரம் பார்த்துப் பால் கொடுப்பதையும் தேவையின்றித் தொடாமலிருப்பதையும் நல்ல வளர்ப்பின் இலக்கணமாக்கின. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்த காலத்தில் தூய பாலையும் சுகாதாரத்தையும் வற்புறுத்தியவர்கள் அவர்கள் என்பதை மறுப்பது நியாயமன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூல் அதையும் தாண்டி, குழந்தையை அணைக்கவோ முத்தமிடவோ கூடாது, காலையில் கை குலுக்கினால் போதும் என்ற எல்லைக்குச் சென்றது. அன்பையே நோய்க்காரணியாக நடத்திய இந்தக் கருத்து ஒரு தலைமுறைத் தாய்மாரைத் தங்கள் இயல்புக்கு எதிராக நிறுத்தியது. கதவுக்கு வெளியே நின்று குழந்தையின் அழுகையைக் கேட்டபடி, அடுத்த பால் நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்திருந்த அந்தப் பெண்களின் துயரத்தை எந்தப் புள்ளிவிவரமும் அளக்கவில்லை.

மாற்றம் பல முனைகளிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பற்றி ஆராயுமாறு உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் அளித்த அறிக்கை, தொடர்ந்து பேணும் ஒருவரின் நெருக்கம் மன வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று வாதிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து தாம் பிரித்து வளர்த்த குரங்குக் குட்டிகள், பால் தரும் கம்பி உருவத்தை விட்டுவிட்டுப் பால் தராத துணி உருவத்தையே நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருந்ததை 1958இல் வெளியிட்டார். கொடுமையான அந்தச் சோதனை, தாய்மீதான பற்று பாலிலிருந்து மட்டும் பிறப்பதன்று என்பதை ஐயமறக் காட்டியது. பௌல்பியோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த் 1954 முதல் 1955 வரை உகாண்டாவின் கம்பாலாவை அடுத்த ஊர்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்தார். பின்னர் அவரும் சில்வியா பெல்லும் அமெரிக்காவின் பால்டிமோரில் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு, முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து செவி சாய்த்த தாய்மாரின் குழந்தைகள் ஓராண்டு நிறையும் தறுவாயில் குறைவாகவே அழுதன என்று கண்டது. அந்த முடிவின் கணக்கீட்டு முறை குறித்துப் பின்னர் விவாதம் எழுந்தாலும், தூக்கினால் அழுகை கூடும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை.

மாண்ட்ரியலில் ஊர்ஸ் ஹன்சிக்கரும் ரொனால்டு பாரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை அழாத நேரத்திலும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தூக்கி வைத்திருக்குமாறு சில பெற்றோர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பொதுவாக அழுகை உச்சத்தை எட்டும் ஆறாவது வாரத்தில் அக்குழந்தைகள் மற்றவற்றைக் காட்டிலும் 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆயினும், காரணம் புலப்படாமல் மணிக்கணக்கில் வீறிட்டு அழும் குழந்தைகளிடம் அதே பார் 1991இல் இம்முறையைச் சோதித்தபோது பயன் தெரியவில்லை. எவ்வளவு தூக்கியும் ஓயாமல் அழும் பிள்ளையை வைத்திருக்கும் தாய் தன்னிடம் குறை தேட வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த இரண்டாம் முடிவையும் முதலாவதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூக்கிக்கொண்டு நடந்தால் குழந்தை அடங்குவது ஏன் என்பதை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு ஆராய்ந்தது. உட்கார்ந்தபடி அணைத்திருக்கும்போது அமைதியடையாத குழந்தைகூடத் தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில நொடிகளில் இதயத்துடிப்பு தணிந்து, கை கால் உதைப்பதை நிறுத்துவதை 2013இல் அக்குழு வெளியிட்டது. தாய் கவ்விச் செல்லும் எலிக்குட்டிகளும் அவ்வாறே உடலைச் சுருக்கிக்கொண்டு அசையாதிருந்தன. ஆபத்துக் காலத்தில் தாய் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அசையாமல் ஒத்துழைக்கும் குட்டியே பிழைத்திருக்கும் என்பதால் இந்த இயல்பு நிலைபெற்றிருக்கக்கூடும். அழும் குழந்தையை ஏறத்தாழ ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, உறங்கிய பின்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து பிறகு கிடத்தினால் விழிக்கும் வாய்ப்புக் குறைவு என்று அதே குழு 2022இல் கூறியது. உறங்கிவிட்டது என்று உடனே பாயில் போட்டவுடன் கண் விழிக்கும் பிள்ளைகளோடு இரவெல்லாம் போராடுபவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

உடல் நெருக்கம் உயிரையே காக்கும் என்பதற்கு வலுவான சான்று கொலம்பியாவிலிருந்து வந்தது. தலைநகர் பொகோட்டாவின் தாய் சேய் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் போதாமையால் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்க நேர்ந்து, ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குப் பரவி இறப்புகள் மிகுந்தன. எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் 1978இல், சிகிச்சையால் நிலைப்பட்ட குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் துணியால் கட்டி வைத்துத் தாய்ப்பால் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். அவருக்குப் பின் எக்டர் மார்ட்டினெஸ் அதை விரிவாக்கினார். பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயரால் கங்காரு தாய்ப் பராமரிப்பு எனப்பட்ட இம்முறை, தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மருத்துவமனைகளிலும் இன்று நடைமுறையில் உள்ளது. வறுமைக்கு ஏற்ற மாற்று என்று நெடுநாள் கருதப்பட்ட இதன் மதிப்பை 2021இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளில் ஒரு சாராரை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் கிடத்தினர். தாயும் குழந்தையோடு தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தங்கினார். 28 நாட்களுக்குள் இறந்தவை அக்குழந்தைகளில் 12 விழுக்காடு, வழக்கமான முறையில் பேணப்பட்டவற்றில் 15.7 விழுக்காடு. இதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2022இல், குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறக்கும் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு மிகுதியாக, இந்தப் பராமரிப்பை உடனே தொடங்குமாறு பரிந்துரைத்தது. தாய் குளிக்கவும் உறங்கவும் செல்லும் நேரத்தில் தந்தையின் மார்பும் பாட்டியின் மார்பும் இதற்குப் பயன்படும்.

முறையறிந்து தூக்குவதும் அவசியம். பச்சிளம் குழந்தையின் தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் முழுமையாக அமையாத மாதங்களில் கால்களை நீட்டி இறுகச் சுற்றிவைத்தால் மூட்டு நழுவக்கூடும். ஜப்பானில் 1970களில் அந்த வழக்கத்தைக் கைவிடச் செய்த இயக்கத்துக்குப் பின் இடுப்பு மூட்டு நழுவல் வெகுவாகக் குறைந்தது. துணி ஏந்தலில் கட்டும்போது தொடைகள் அகன்று, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முகம் துணியால் மூடாமல் எப்போதும் கண்ணில் பட வேண்டும். முகவாய் நெஞ்சில் ஒட்டினால் மூச்சுக்குழல் மடிந்து அடைபடும் என்பதால் முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். சேலையில் கட்டும் தூளியிலும் இதே ஆபத்து உண்டு. தூளி தமிழர் வாழ்வில் ஆழ வேரோடிய அருமையான சாதனம், வயலோர வேம்பிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் எத்தனையோ குழந்தைகளை உறங்க வைத்தது. எனினும் தலை நிற்காத குழந்தை அதில் நெடுநேரம் கவனிப்பாரின்றிக் கிடப்பதைவிட, உறங்கியதும் சமதளமான உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. தொங்கும் சேலையில் மூத்த பிள்ளைகள் ஆடிக் கழுத்து சுற்றி இறந்த செய்திகள் தமிழ் நாளேடுகளில் அவ்வப்போது வருவதால், பயன்படாத நேரத்தில் அதை அவிழ்த்து வைப்பது நல்லது.

எப்போது இறக்கிவிடுவது என்பதைப் பெரும்பாலும் குழந்தையே அறிவிக்கிறது. கைகளை ஊன்றித் தலையை உயர்த்தும் செங்கீரை, உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும்படி அழைக்கும் வருகை என்று பிள்ளைத்தமிழ் நூல்கள் பருவம் வகுத்தது, மடியிலிருந்து படிப்படியாக விலகும் உடலைக் கூர்ந்து கண்டவர்களின் வேலை. நெருக்கத்தில் நிறைவுற்ற குழந்தை அச்சமின்றி விலகிச் சென்று, தயங்கும்போது திரும்பிப் பார்த்து, தேவைப்பட்டால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை எய்ன்ஸ்வர்த் உகாண்டாவிலேயே கவனித்திருந்தார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை, ஒருவர் முதுகில் கட்டியிருப்பது உட்பட, அசைய முடியாத நிலையில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதும், விழித்திருக்கும்போது நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாட விடச் சொல்வதும் இதனோடு இசைந்தவை. நடைவண்டி என்ற பெயரில் குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் சக்கர வாக்கர், நடையை விரைவுபடுத்துவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தினால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. தரையில் ஒரு பாயும் பார்வை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவரும் இருப்பது போதும்.

ஆனால் யார் தூக்குவது என்ற கேள்வியில்தான் அமெரிக்காவில் வளர்ந்த இயற்கை வளர்ப்பு இயக்கம் சறுக்கியது. மருத்துவர் வில்லியம் சியர்ஸும் அவர் மனைவி மார்த்தாவும் எழுதிய நூல்கள் 1990களில் பரப்பிய பற்றுறவு வளர்ப்பு முறை, பால், சுமை, உறக்கம் மூன்றிலும் தாயின் இடையறாத அண்மையை வலியுறுத்தியபோது, தனிக்குடும்பத்தில் உதவிக்கு ஆளில்லாத பெண்ணின் தோளில் அது முழுப் பாரத்தையும் ஏற்றியது. காங்கோவின் இட்டூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களிடையே பிறந்த நாள் முதலே குழந்தை பல பெண்களின் கைகளில் மாறி மாறிப் புழங்குவதை எட்வர்டு ட்ரானிக்கின் குழு 1980களில் பதிவு செய்திருந்தது. மனிதக் குழந்தை பலரால் சேர்ந்து வளர்க்கப்பட்டதாலேயே மனித இனம் நிலைத்தது என்று மானிடவியலாளர் சாரா ஹெர்டி 2009இல் வெளியான நூலில் வாதிட்டார். பாட்டியும் அத்தையும் சித்தியும் மூத்த அக்காவும் கைமாற்றித் தூக்கிய தமிழ்க் கூட்டுக்குடும்பம் இந்தப் படத்தில் இயல்பாகப் பொருந்துகிறது, அத்தகைய குடும்பம் நகரங்களில் அருகிவருகிறது என்பதும் கண்கூடு. குறைந்துபோன அந்தக் கைகளுக்கு ஈடாகத் தந்தையின் கைகள் வர வேண்டும், அடுத்தபடியாகச் சட்டம் வர வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்திய மகப்பேறு பயன் சட்டம் 26 வார ஊதிய விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் உறுதி செய்தது; தமிழ்நாடு அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக உயர்த்தியது. ஆனால் வயலிலும் செங்கற்சூளையிலும் வீட்டு வேலையிலும் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்கள் பெரும்பாலும் இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. பிள்ளை பெற்ற சில வாரங்களில் வேலைக்குத் திரும்பும் அவர்களுக்கு, கூலி இழக்காமல் பாலூட்ட ஒரு மணி நேரமும், வேலையிடத்துக்கு அருகில் நம்பி விட்டுச் செல்ல ஒரு காப்பகமும் கிடைக்கும் வரை, தூக்கி வளர்க்கப்படும் உரிமை அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாதியளவே கிடைக்கும்.