உலக முடிவைச் சொல்ல வந்த மீனா?

2024 ஆகஸ்டு 10ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லா ஹோயா கடற்கரை அருகே 12 அடி நீளமுள்ள துடுப்பு மீன் ஒன்று இறந்து மிதந்தது. இரண்டு நாள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் 4.4 அளவிலான நிலநடுக்கம். அவ்வளவுதான், ‘உலக முடிவு மீன் வந்துவிட்டது’ என்று சமூக ஊடகங்கள் அலறத் தொடங்கின. இப்படிப்பட்ட காணொளிகள் நம் வீட்டுப் புலனக் குழுக்களையும் விட்டுவைப்பதில்லை. கீழே ‘உடனே பகிரவும்’ என்ற வரி வேறு!

அந்த மீனைப் பார்த்தால் யாருக்கும் கதை கட்டத் தோன்றும் என்பது உண்மைதான். வெள்ளி நாடாவைப் போன்ற உடல், செதில் கிடையாது. தலையில் சிவப்புக் கொண்டை. அங்கிருந்து வால்வரை நீளும் சிவப்புத் துடுப்பு. 8 மீட்டர்வரைகூட வளரும். ஆனால் இவ்வளவு பெரிய உடம்புக்கு அது தின்பது கிரில் போன்ற பொடி உயிர்களைத்தான். 200 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில், பெரும்பாலும் செங்குத்தாக நின்றபடியே நீந்தும்.

நிலநடுக்கக் கதை ஜப்பானில் பழையது. அங்கே இந்த மீனுக்குக் ‘கடல்தேவன் அரண்மனையின் தூதர்’ என்று பெயர். 2011 மார்ச் 11ஆம் தேதி பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்குவதற்கு முந்தைய ஆண்டில் ஏறக்குறைய பன்னிரண்டு துடுப்பு மீன்கள் அங்குக் கரை ஒதுங்கியிருந்ததால், நம்பிக்கை இன்னும் வலுத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சிரித்து ஒதுக்கிவிடவில்லை, கணக்கெடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்வுகளை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டார்கள். மீன் தென்பட்ட 30 நாளுக்குள், 100 கிலோமீட்டர் சுற்றளவில் நிலம் நடுங்கியதா என்பதே கேள்வி. 2019இல் முடிவு வெளியானது. பொருந்திவந்தது ஒன்றே ஒன்று, 2007இல் நீகாட்டாவில் ஏற்பட்ட நிலநடுக்கம்.

நிலம் அடிக்கடி நடுங்கும் நாட்டில், எந்த மீன் ஒதுங்கினாலும் பின்னாலேயே ஒரு நடுக்கம் வரத்தான் செய்யும். வராதபோது யாரும் நினைவில் வைப்பதில்லை. 2013 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரே வாரத்தில் இரண்டு துடுப்பு மீன்கள் கிடைத்தன. பெரிய நிலநடுக்கம் எதுவும் தொடரவில்லை. அதைப் பற்றி எந்தக் காணொளியும் பேசுவதில்லை.

நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பினாங்கில்தான் அதிகம். மீன் தேதியும் சொல்லாது, இடமும் சொல்லாது. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுப் பகுதிக்கு ஓட வேண்டும், வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும் என்பவைதான் உயிர் காப்பவை. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதில் உண்மையான எச்சரிக்கை ஏறுமா?

பிறகு ஏன்தான் இவை மேலே வருகின்றன? நோய், காயம், நீரோட்ட மாற்றம் எனப் பல காரணங்கள் இருக்கலாம் என்கிறார்கள் அறிவியலாளர்கள். லா ஹோயாவில் கிடைத்தது, 1901க்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒதுங்கிய 20ஆவது துடுப்பு மீன்தான். உயிரோடு நீந்துவதைக் கண்டவர்கள் மிகச் சிலர் என்பதால், ஆய்வாளர்களுக்கு இந்தச் சடலங்கள் புதையல் மாதிரி. 2013இல் கிடைத்த இரண்டில், கடலிலிருந்து இழுத்துவர 15 பேருக்குமேல் தேவைப்பட்ட 18 அடி மீனின் குடலை ஆராய்ந்தபோது நாடாப்புழுவின் இளம்புழுக்கள் சிக்கின. அந்த வகைப் புழு முழுதாக வளர்வது சுறாவின் வயிற்றில். அப்படியென்றால், அந்த இருட்டில் துடுப்பு மீனைச் சுறா வேட்டையாடுகிறது! மற்றொன்று பெண் மீன். அதன் சினைப்பையின் நீளம் மட்டும் ஆறடி, உள்ளே இலட்சக்கணக்கான முட்டைகள்.