நோயற்ற உறவினர் காட்டும் தடயம்

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தாலும், மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியைத் தாண்டுவதில்லை என்பதால், மரபணுக்கள் இந்நோயின் அபாயத்தைக் கூட்டுகின்றனவேயன்றி நோயையே விதித்துவிடுவதில்லை. 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, 76,755 நோயாளிகளின் மரபணுத் தொகுதிகளை நோயற்றோருடையவற்றோடு ஒப்பிட்டு, அபாயத்தோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டறிந்தது. தனித்தனியே மிகச் சிறிய விளைவையே உண்டாக்கும், இந்த இடங்களிலுள்ள மரபணு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்து மூளையின் இயக்கத்தில் எதைக் குலைக்கின்றன என்பதை அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் அறிய முடியாது.

இதற்கு விடை தேடிய முயற்சிகளுள், ஜெர்மனியின் மன்ஹைம் நகர மத்திய மனநல நிறுவனத்தில் ஊர்ஸ் பிரவுன் குழுவினர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் கவனிக்கத்தக்கது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர், திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் எண்களைப் பார்த்தபடி, இரண்டு எண்களுக்கு முன் வந்தது எதுவோ அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். எண் மாற மாற, நினைவில் வைத்திருப்பதையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். அப்போது மூளையின் பகுதிகள் குழுக்களாக இணைந்து செயல்படுகின்றன. ஒரு பகுதி தன் குழுவை விட்டு வேறொன்றுக்கு எத்தனை முறை தாவுகிறது என்ற அளவே வலையமைப்பின் நெகிழ்வு எனப்படுகிறது. ஓரளவு நெகிழ்வின்றிச் சிந்தனையே இல்லை. ஆனால் நலமுள்ளோரைவிட நோயாளிகளிடம் அது மிகுந்து, குழுக்கள் நிலைகொள்ளாமல் கலைந்து கலைந்து கூடின.

நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினர்களுள் நோயில்லாதவர்களிடம் இந்த அளவு நோயாளிகளுக்கும் நலமுள்ளோருக்கும் இடைப்பட்டு நின்றதே ஆய்வின் உயிர்நாடி. அவர்கள் மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் அல்லர். எனவே இதை மருந்தின் விளைவென்றோ, நோய் விட்டுச்சென்ற தழும்பென்றோ தள்ளிவிட இயலாது; மரபுவழி அபாயத்தின் அடையாளமாக இது இருக்கலாம். தாயின் நடத்தையே பிள்ளைக்கு இந்நோயைத் தருகிறது என்று 1940களின் இறுதியில் அமெரிக்க மனநல மருத்துவத்தில் வேரூன்றிய கொடிய கருத்தால் எத்தனையோ தாய்மார் குற்றவுணர்வில் வெந்தனர் என்பதை நினைக்கும்போது, இத்தகைய சான்றின் அருமை புரியும்.

அதே குழுவினர், இருமல் மருந்துகளில் சேரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனை நலமுள்ளோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களிடையே கொண்டுசெல்லும் செய்தியை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை இது தடுப்பதால், அவர்கள் மூளையிலும் நெகிழ்வு கூடியது. அந்த ஏற்பியின் ஓர் உறுப்பை உருவாக்கும் கிரின்2ஏ என்ற மரபணுவையே முன்சொன்ன 2022ஆம் ஆண்டின் மரபணு ஆய்வும் சுட்டியதால், வெவ்வேறு வழியில் வந்த இரு தடயங்கள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆயினும் இவை குழுக்களின் சராசரி வேறுபாடுகளே; ஒருவருடைய ஸ்கேனைப் பார்த்து அவருக்கு நோய் வருமா என்று சொல்ல இவை உதவா.